ஒன்பது நாற்பது

1

இந்த ஊரில் ஆபீசுக்குப் போக வேண்டிய நாள் என்றால் காலையிலேயே காகிதங்களை எடுத்து மூன்று தடவை எண்ணிவைப்பேன். பாரிஸுக்குத் தெற்கே நாங்கள் குடியிருக்கும் சிற்றூருக்கு ஒரு நகராட்சிக் கட்டடம் உண்டு. அதில் மூன்றாவது ஜன்னல் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொழி ரொட்டிக்கடையோடு சரி. எதைக் கேட்டாலும் 'வீ, வீ', அதாவது ஆமாம் ஆமாம், என்று தலையாட்டி, வேண்டவே வேண்டாத நிலக்கரியை வீட்டு வாசலில் இரண்டு மூட்டை இறக்கவைத்தவள் நான். அதிலிருந்து எங்கே போனாலும் மகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன மாதம் அவளுக்கு எட்டு வயது முடிந்தது. அவள்தான் எனக்கு வாய்.

சமீபத்தில் அங்கே போனது அவள் காரியமாகவே. அவள் விழுப்புரத்தில் பிறந்தவள். அந்தப் பிறப்பை இந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். 'விழுப்புரம்' என்று எழுதுவதற்குள் மூன்று முறை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பிறந்த நேரம். இங்கே நேரம் இல்லாமல் பிறப்பே இல்லை. நாங்கள் கொடுத்திருந்தது கோமதியின் ஜாதகத்தை வைத்துப் புதுச்சேரியில் மொழிபெயர்த்து முத்திரை குத்திய காகிதம்.

"அம்மா, நான் பத்து நாப்பதுக்குப் பொறந்தேனான்னு கேக்கறாரு. வீ சொல்லிடட்டா?"

"இல்லைன்னு சொல்லு."

"என்னா?"

"ஒம்போது நாப்பதுன்னு சொல்லு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். கோமதி திரும்பினாள். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, நிமிஷம் வரைக்கும் உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாரு."

"கடியாரத்தைப் பாத்துகினே இருந்தேன்னு சொல்லு."

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் பதிவு செய்ய முடியாது, பிறந்தபோது அங்கே இருந்த வேறு யாராவது எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் காகிதக் கட்டை மூடிவிட்டார் அவர்.

பஸ்ஸில் கோமதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "எதிர் வீட்டு சாந்தியோட அம்மா சொன்னாங்க, நான் தானா வரலையாம். வயித்தை அறுத்து எடுத்தாங்களாம். பாவம் உங்கம்மா, சுகப்பிரசவம் ஆவலைன்னாங்க. நெஜமா?"

எனக்கு வந்த கோபத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். எனக்கு எது சுகம் என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னது? வீட்டுக்கு நடந்து வரும்போது, இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன். கோமதிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டக்கூட வராது. அதனால் முதலில் நம் ஊரில் இருக்கும் நீங்கள் படியுங்கள்.

2

ஐம்பத்தொன்பதில் எனக்கு இருபது வயது. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் பிறந்தவர், பிரெஞ்சுப் பிரஜை. அப்போது பிரெஞ்சுக்காரர் ராணுவத்தில் கடல் தாண்டி எங்கோ சமையல் பகுதியில் இருந்தார்.

புதன்கிழமை காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். வெந்நீர், சுக்குக் கஷாயம், விளக்கெண்ணெய் எல்லாம் ஆயிற்று. அன்று பொழுது சாய்ந்தது, வியாழனும் போயிற்று. யார் உள்ளே எட்டிப்பார்த்தாலும் ஒரே வார்த்தைதான். "ஆயிடும், ஆயிடும்." இன்றைக்கும் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சேதி கேட்டு விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்தார். வந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை அமிர்தயோகம். "அதான் பாரு, நல்ல நேரத்துக்குக் காத்துகினு இருக்குது புள்ளை" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நானும் நம்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எனக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஜட்கா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஆண் குழந்தை. அழவில்லை.

எனக்குக் காட்டவில்லை. "அப்புறம் பாக்கலாம்" என்றாள் அம்மா. ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டாரில் அவன் முகத்தைப் பார்த்தவர் அத்தை ஒருவர்தான். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. அது வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அறை முழுக்க அந்த வாசனை. அவன் முகம் எப்படி இருந்தது என்று அத்தையிடம் கேட்க ஆயிரம் முறை வாயெடுத்திருப்பேன். ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

3

வீட்டுக்காரர் இரண்டு மாத விடுப்பில் வந்து போனார். அறுபத்தொன்றில் மறுபடி உண்டானேன். இந்தமுறை பிரசவம் விழுப்புரத்திலேயே என்று அத்தை சொல்லிவிட்டார். திண்டிவனம் ராசியில்லையாம். எனக்கு நாள் தவறியதில் சந்தோஷமே வரவில்லை, பயம்தான் வந்தது. புதன்கிழமை வந்தால் காலண்டரைத் திருப்பி மாட்டிவிடுவேன்.

ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா. கண்டிப்பானவர், சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஏழாம் மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு, பழைய கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"உனக்கு எலும்பு வழி குறுகல். ரெண்டு விதமா செய்யலாம். வலி வரட்டும்னு விட்டுப் பாக்கலாம், முடியலைன்னா அப்போ ஆபரேஷன். இல்லைன்னா வலி வர்றதுக்கு முன்னாடியே ஒரு நாள் வெச்சு, சிசேரியன் பண்ணிக் குழந்தையை எடுத்துடலாம். ரெண்டுலயும் ஆபத்து உண்டு. பொய் சொல்ல மாட்டேன். எது வேணும் சொல்லு."

அத்தையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

"அவங்களை இல்லை. உன்னைத்தான் கேக்கறேன்."

எனக்கு என்ன புடவை என்றுகூட யாரும் கேட்டது கிடையாது. மாப்பிள்ளையைக் காட்டினார்கள், தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் அதுவரை தேர்ந்தெடுத்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். டாக்டரம்மா நான்கு வாரம் தந்தார். "யோசி. என்ன சந்தேகம்னாலும் வந்து கேளு" என்றார். நான் மூன்று தடவை போய்க் கேட்டேன். ரத்தம் எவ்வளவு போகும், காய்ச்சல் வருமா, அடுத்த பிள்ளைக்கும் இதே கதியா, செத்துப்போவேனா. அந்தக் கடைசிக் கேள்விக்கும் முகத்தைத் திருப்பாமல் பதில் சொன்னார்.

வீட்டுக்காரருக்கு எழுதினேன். பதில் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அவர் அதிகம் எழுதுகிறவர் இல்லை. 'சரோஜா, போன தடவை தந்தி வந்தபோது நான் முந்நூறு பேருக்குக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. வலிப்படப் போவது நீ. உனக்கு எது தைரியமோ அதைச் செய். அம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொல்.'

கத்திக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கத்தியின் பயம் ஒரு காலைப்பொழுதோடு தீர்ந்துவிடும். 'ஆயிடும், ஆயிடும்' என்று கேட்டுக்கொண்டு இன்னொரு முறை மூன்று நாள் கிடக்க என்னால் ஆகாது. நாள் வையுங்கள் என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

4

வைத்த நாள் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கடலூரிலிருந்து வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வருவார். காலை ரயிலில் வந்து மத்தியான ரயிலில் திரும்பிவிடுவார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "செவ்வாக்கெழம ஒம்போதுலேர்ந்து பத்தரை எமகண்டம்மா! தானா பொறந்தா அது அதுங்க தலையெழுத்து. நாமளே நேரம் குறிக்கறப்போ யாராச்சும் எமகண்டத்தைப் போய்க் குறிப்பாங்களா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அத்தை டாக்டரம்மாவிடம் போய்ப் பத்தரை ஆகட்டும் என்று கெஞ்சினார். அன்று இரண்டு ஆபரேஷன், பிரசவம்தான் முதலில், அதை மாற்ற முடியாது என்றார் அவர். அத்தை விடவில்லை. இரண்டாவது ஆள் யார் என்று விசாரித்தார். காணையைச் சேர்ந்த விவசாயி, குடல் இறக்கம். அத்தைக்கும் அந்த ஊரில் வேர்க்கடலை போடும் கொஞ்சம் நிலம் உண்டு, தெரிந்த முகம்தான். வார்டுக்கே போய்விட்டார்.

"யோவ், நீ மொதல்ல போயிடேன்யா. ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பிவெக்கறேன்."

"எமகண்டத்துல நான் எதுக்கும்மா போவணும்? எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க இல்ல?" என்றார் அவர். அவரும் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் படுத்திருந்தார்.

திங்கட்கிழமை மாலை என்னை வார்டில் சேர்த்தார்கள். நர்ஸ் சம்மதக் காகிதத்தையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். புருஷன் ஊரில் இல்லாததால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். அத்தைக்கு எழுத்துத் தெரியாது, ரேகைதான். அத்தை முந்தானையால் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த செவ்வாய் வரை தாங்காது, வலி வந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"வேற நேரம் குடுக்கச் சொல்லு, வெக்கறேன். என் கையால எமன்கிட்ட எழுதிக்குடுக்க மாட்டேன்."

நான் அதுவரை அத்தையை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"போன புள்ளை அமிர்தயோகத்துலதான் பொறந்துச்சு அத்தை. நாளெல்லாம் பாத்துத்தான் செத்துப் பொறந்துச்சு."

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். நான் விடவில்லை.

"அவன் மூஞ்சிய நீங்க பாத்தீங்க. நான் பாக்கலை. இதையாச்சும் நான் பாக்கணும். உயிரோட பாக்கணும். வெச்சுக்குடுங்க."

அத்தை முந்தானையை விலக்கி நர்ஸைப் பார்த்து, "எங்கம்மா அந்த மை? ஜல்தி கொண்டா, மனசு மாறிடப் போவுது" என்றார். கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "உனக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்தக் கையை நானே வெட்டிப் போட்டுடுவேன்." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

5

காலையில் குளித்து, இரட்டைச் சடை பின்னி, என் காலால் நடந்து போனேன். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போன தடவை என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை நடந்தேன், கதவருகே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். தாலியைக் கழற்ற வேண்டுமோ என்று பயந்திருந்தேன். நர்ஸ் அதைச் சுருட்டிப் பிளாஸ்திரி போட்டுத் தோளில் ஒட்டிவிட்டாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. மார்புக்கு நேரே ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். எதிர்ச் சுவரில் வட்டமான பெரிய கடிகாரம், ரயில்வே ஸ்டேஷனில் இருப்பது போல. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரோஜா, முழிச்சிருக்கியா? மணி என்ன சொல்லு" என்றார் டாக்டரம்மா துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"ஒம்போது இருவத்தஞ்சு."

"பயமா இருக்கா?"

"இருக்குது."

"எனக்கும்தான். சொல்லிகினே இரு."

சொல்லிக்கொண்டே இருந்தேன். முப்பது. முப்பத்தைந்து. வலி இல்லை. அரிசிப் பானைக்குள் யாரோ கையை விட்டுத் துழாவுவது போல இருந்தது, அவ்வளவுதான். எமகண்டம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தது. வரட்டும், நானும் இங்கேதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியொரு தைரியம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அப்புறம் அழுகை. ஆஸ்பத்திரி ஓடே பறந்துவிடும் போல ஒரு அழுகை.

"பொண்ணு. மணி பாத்துக்கோ."

ஒன்பது நாற்பது. பார்த்தேன். பிறகு டாக்டரம்மா அவளைத் துணிக்கு மேலே தூக்கிக் காட்டினார். சிவந்து, நனைந்து, புருவத்தைச் சுளித்து, அடித்து எழுப்பிவிட்டது யாரடா என்பது போல அத்தனை கோபம் அந்த முகத்தில். நான் பார்த்தேன். உயிரோடு பார்த்தேன்.

வாசலில் நின்ற அத்தையிடம் நர்ஸ் பிள்ளையைக் கொடுத்தாள். அத்தை, "எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டாராம். பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லையாம். நேரத்தை நினைத்துத்தான் பேசவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் இன்பமாகவே இருந்தது என்று கதை விடமாட்டேன். தையல் பிரிக்கும்வரை இருமினால் உயிர் போகும், தும்மினால் திரும்பி வரும். பத்து நாள் பிறர் கையால் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பத்து நாளும் என் பக்கத்தில் ஒருத்தி பால் குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வாசலில் பூக்காரி கூடையை நீட்டியபோது, "மல்லி கில்லின்னு கிட்ட வராதே, பால் குடுக்கறவ" என்று அத்தை அவளை விரட்டினார். அதைக் கேட்டு நான் சிரித்தேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

6

பதினாறாம் நாள் கோலியனூரிலிருந்து ஜோசியர் வந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். கூடத்தில் அத்தை சொன்னது தெளிவாகக் கேட்டது. "பத்து நாப்பதுங்க."

அவர் போனதும் அத்தை உள்ளே வந்தார். "காதுல வுழுந்துச்சா? ஒரு மணி நேரந்தானே. நாளைக்கி மாப்பிள்ளை பாக்கறப்போ எமகண்டத்துல பொறந்தவன்னு எவனாச்சும் சொல்லிட்டான்னா பேஜாரு." அத்தை எனக்காக ரேகை வைத்தவர். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் எட்டு வருஷம் கழித்து, கடலும் தாண்டி, மூன்றாவது ஜன்னலில் வந்து நின்றுகொண்டது.

வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து விலகி, இங்கே ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஐந்து வருஷம் ஆகிறது. "பத்து நாப்பதுன்னே இருக்கட்டுமே சரோஜா, ஒரு மணி நேரத்துக்கா மல்லுக்கு நிக்கறே?" என்றார். கோமதிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். பள்ளி வாசலில் என் புடவையைக் கண்டால் இரண்டடி முன்னால் நடக்கிறாள். கனவுகூட இந்த மொழியில்தான் காண்கிறாள் போலும், தூக்கத்தில் பிரெஞ்சில் பேசுகிறாள். அதையெல்லாம் நான் பிடித்து நிறுத்த முடியாது. இந்தச் சீமையில் அவள் யாராக ஆனாலும் ஆகட்டும். அவள் வந்த நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அது நானே கேட்டு, நானே முழித்திருந்து, நானே பார்த்த நேரம்.

அத்தைக்கு எழுத மூன்று நாள் பிடித்தது. நீங்கள் சொன்னதை நீங்களே மாற்றிச் சொல்லுங்கள் என்று மாமியாருக்கு எந்த மருமகள் எழுதுவாள்? நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஐந்தாவதில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது கோமதி தழும்பைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். சுண்டுவிரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

"இது வழியாவா வந்தேன்?"

"இது வழியாதான்."

"எனக்கு வலிச்சுதா?"

"உனக்கு வலிக்கலை. கோவம்தான் வந்துது."

7

முந்தாநாள் விழுப்புரத்திலிருந்து கடிதம் வந்தது. உள்ளே இரண்டு தாள். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் கையெழுத்து, அத்தையின் பேச்சு. முதல் தாள் ஆபீசுக்கு. குழந்தை காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்குப் பிறந்தது, நான் கதவுக்கு வெளியே இருந்தேன், நர்ஸ் சொல்லக் கேட்டேன், ஜோசியரிடம் மாற்றிச் சொன்னது நான்தான் என்று எழுதி, கீழே ரேகை. இரண்டாவது எனக்கு.

'சரோஜா, நீ கேட்டபடி எழுதி ரேகை வெச்சிட்டேன். எமகண்டத்துல பொறந்தவளுக்கு எட்டு வயசு ஆயிடுச்சி, இனிமே எவன் என்னா சொன்னா எனக்கென்னா. ஒண்ணு நீ கேக்கவே இல்ல, நானும் சொல்லல. பெரியவன் மூஞ்சி. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன், நீ கேக்கல. அன்னிக்கு நர்சம்மா இவளைக் கையில குடுத்தப்போ நான் பேசாம நின்னது எமகண்டத்துக்காக இல்ல. அதே மூஞ்சிம்மா. அதே நெத்தி, அதே மாதிரி புருவத்தைச் சுளிச்சுகினு. அவன் அழல, இவ அழுதா, அவ்ளோதான். இவ கோவப்படறப்போ பாரு, அதான் அவன்.'

படித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அன்று மட்டும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கோமதி பள்ளிவிட்டு வந்து, பையைப் போட்டுவிட்டு, என் கையில் இருந்த பாட்டியின் தாளைப் பார்த்தாள்.

"ஆயா எழுதினாங்களா? என்னா எழுதியிருக்காங்க?"

"ஒம்போது நாப்பதுதான்னு எழுதியிருக்காங்க."

"அதுக்கு ஏம்மா அழறே?"

நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினேன்.

"கோமதி, கொஞ்சம் கோவமா மூஞ்சி வெச்சுக் காட்டேன். அம்மா பாக்கணும்" என்றேன்.